கால் கழுவிய தண்ணீர்

பெரிய வியாழன் பூசைக்கு மணியடிக்கும் நேரமாகிவிட்டது. சாமியார் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவும் பித்தளைத் தாம்பாளம் இன்னும் வரவில்லை. புளி போட்டு விளக்க வாங்கிப்போன பிரகாசியைத் திட்டிக்கொண்டே, பூசைச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சூசையா அவள் வீட்டுக்கு ஓடினார்.

அவள் அங்கே இல்லை, பக்கத்து வீட்டில் இருந்தாள். சுவர்த் தகராறில் அவளை நடுத்தெருவில் வைத்து அடித்த கித்தேரியான், கவனிக்க ஆளில்லாமல் கட்டிலில் கிடந்தார். சர்க்கரைப் புண் வைத்து அழுகிய அவர் கால் அந்தத் தாம்பாளத்தில் இருந்தது.

"அடிப்பாவி, கோயில் சாமானையா இதுக்கு எடுத்த?"

"இதுவும் கால்தானண்ணே," என்றாள் பிரகாசி, தலை நிமிராமல். "முடிச்சதும் சுடுதண்ணி ஊத்தி மறுபடி விளக்கித் தாரேன். செத்த பொறுங்க."

வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு சூசையா உட்கார்ந்தார். அவள் துடைக்கத் தோதாக அந்தக் காலைத் தாங்கிப் பிடித்தார்.

பூசையில், வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்திருந்த பன்னிரண்டு பேரும் வரிசையாகக் கால் நீட்டினார்கள். சாமியார் ஒவ்வொன்றாகக் கழுவி, துடைத்து, முத்தமிட்டார். தாம்பாளத்தை எடுக்கக் குனிந்த சூசையா அப்படியே நின்றுவிட்டார். பன்னிரண்டு பேர் கால் கழுவிய தண்ணீர், ஊற்றும்போது இருந்தது போலவே தெளிந்து கிடந்தது.