கூட்டுக்குள் ஒரு கீறல்

"சுட்ட தோட்டாக் கூட்டையெல்லாம் பொறுக்கிட்டுப் போய்த் தேய்ச்சுட்டே இருக்காராமே உங்க வீட்டுக்காரர்? வேற வேலையே இல்லையா?" என்று சிரித்தான் ராய்ஸ். மொன்டானாவுக்குக் குடிவந்த பிறகு அவனுக்கு இது முதல் துப்பாக்கிப் போட்டி.

"ரிட்டயர் ஆனவருக்குப் பொழுது போகணுமே," என்றாள் வெர்னா. "கூட்டைச் சுத்தம் பண்ணித் தர்றது அவர். அதுல மறுபடி மருந்தும் குண்டும் அடைச்சுச் சுடுறது நான்."

"கூட்டுக்குள்ள கீறல் இருக்கான்னு விட்டுப் பாக்க எங்கிட்ட கேமராவே இருக்கு. பாவம்மா நீங்க!"

பாதிப் போட்டியில் ராய்ஸின் கூடு ஒன்று துப்பாக்கிக்குள்ளேயே இரண்டாகப் பிய்ந்து சிக்கிக்கொண்டது. அவன் ஆட்டம் அதோடு முடிந்தது. வெர்னாவின் குண்டுகளோ நடுப்புள்ளியிலேயே பாய்ந்தன. கோப்பை அவளுக்குத்தான்.

ராய்ஸ் தேடி வந்தான். "கேமராவுல பாத்தும் அந்தக் கூட்டுல இருந்த கீறல் என் கண்ணுக்குத் தப்பிடுச்சும்மா. அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? நான் அவரைப் பாக்கணும்."

வெர்னா அவனை வண்டிக்கு அழைத்துப் போனாள். கதவைத் திறந்து, வெள்ளைத் தடியால் தரையைத் தட்டிப் பார்த்து இறங்கினார் அவள் கணவர் டெல்பர்ட்.

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினான். "கீறலை எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?"

"நுனி வளைச்ச கம்பிய உள்ள விட்டு இழுப்பேன் தம்பி. கீறல் இருந்தா விரல்ல தட்டும். அந்தக் கூட்டைத் தூக்கிப் போட்டுடுவேன்," என்ற டெல்பர்ட், மனைவியின் பக்கம் திரும்பினார். "யாரு ஜெயிச்சது?"

"நாமதான்!" என்று கோப்பையை அவர் கையில் வைத்தாள் வெர்னா.

அவர் அதை மெல்லத் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"விளிம்புல பிசிறு இருக்கு வெர்னா. வீட்டுக்குப் போனதும் தேய்ச்சுடறேன்."