நத்தாஷாவுக்குள் ஒரு நாய்

மைனஸ் ஐம்பது டிகிரி குளிரில் மூத்திரம் நாறுமா, சொல்லுங்கள்?

நாறாது. விழுந்த இடத்திலேயே கல்லாகிவிடும். டிசம்பர் மாதத்தில் சைபீரியாவின் இந்த யாகுத்ஸ்க் ஊரில் தெருவுக்கு வாசனையே கிடையாது.

நத்தாஷாவுக்குள் மட்டும் நாறும்.

பஞ்சு அடைத்துத் தைத்த கார் போர்வைக்கு ஊரே வைத்திருக்கிற பெண் பெயர் அது. வெளியே நிற்கிற காரைத் தரை தொட மூடி, புகைக்குழாயை மட்டும் வெளியே விட்டுவிடுவார்கள். உள்ளே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்ஜின் தானாக ஓடி அணையும். ஒரு குட்டி அறை அளவுக்கு வெதுவெதுப்பு தங்கும்.

அந்த வெதுவெதுப்பில் எதுவோ வந்து படுத்துவிட்டுப் போகிறது.

நர்யானா வேலையிலிருந்து வந்து காரை மூடிய கொஞ்ச நேரத்திலேயே, இன்ஜின் சூட்டில் உள்துணி இளகி, நாற்றம் குப்பென்று கிளம்பியது. முன்பக்க ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். துணியில் மஞ்சள் திட்டு. சக்கரத்தடியில் சப்பிப் போட்ட மீன்தோல். எங்கே பார்த்தாலும் ஒட்டிக்கொண்டு வெள்ளை வெள்ளையாக மயிர்.

கையுறையில் ஏதோ கொழகொழவென்று ஒட்டியது. பனியில் துப்பினாள். துப்பியது உருண்டு ஓடியது.

"என்னம்மா, மறுபடியும் நாயா?"

உய்பான் நின்றுகொண்டிருந்தார். இதே கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருபது வருஷம் குடியிருந்தவர். மகன் வீட்டை விற்றபிறகு அடுத்த தெருவில் மகளோடு இருப்பதாகச் சொல்வார். ஆனாலும் பழக்கம் விடாமல் சாயங்காலமானால் இந்த முற்றத்துக்கு வந்துவிடுவார். முகத்தைச் சுத்தமாக மழித்திருப்பார். யார் காரை மூடினாலும் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொடுப்பார்.

"கிட்ட வராதீங்க மாமா, கொடலைப் புடுங்குது. தின்னுட்டு, பேஞ்சுட்டு, அது மேலயே படுத்துப் புரண்டிருக்கு சனியன்."

அவர் கிட்டே வரவில்லை. மஞ்சள் திட்டைப் பார்த்தார். பிறகு வேறெங்கோ பார்த்தார்.

"வயசான நாயா இருக்கும். அடக்க முடியல போல."

"அடக்க முடியாததெல்லாம் எங்கயாச்சும் போய்ச் சாகட்டும். என் கார்தான் கெடைச்சுதா?"

அவளுக்கு அந்த எரிச்சல் இருக்காதா? அந்த நாய் நுழைகிற இடைவெளி வழியாகச் சூடு போய், வியாழக்கிழமை இன்ஜின் கட்டையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நானூறு பிள்ளைகள் கஞ்சிக்குக் காத்திருந்தார்கள். இன்னொரு நாள் இப்படி ஆனால் வேறு சமையல்காரி பார்த்துக்கொள்வோம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாள்.

போன மாதம்கூட இப்படித்தான். குடிகாரர்கள் உள்ளே வந்து படிக்கட்டில் ஒன்றுக்கிருக்கிறார்கள் என்று, கட்டிடத்தின் இரும்புக் கதவைத் திறக்கிற ரகசிய எண்ணை மாற்றினார்கள். முதலில் கை தூக்கியவள் நர்யானாதான். நாற்றம் அவளுக்கு ஆகவே ஆகாது.

டிக்கியிலிருந்து நைலான் கயிற்றை எடுத்தாள். போர்வையின் அடி ஓரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டால் எலிகூட நுழைய முடியாது.

குனிந்தவள் நிமிர்ந்தாள்.

"மாமா, வேற போக்கிடம் இல்லாம செத்துடுமோ?"

உய்பானின் வாயிலிருந்து வந்த ஆவி அவர் முகத்தை மறைத்துவிட்டு விலகியது.

"நாய்க்கு நாலு இடம் தெரியும்மா. நீ கயிறைக் குடு."

"நானே கட்டிடறேன் மாமா."

"நீ கட்டினா அவிழ்ந்துடும். ஆத்துல வலை போட்டவன் நான்."

கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு, வெறும் விரலால் கட்டினார். சுற்றி வந்து நான்கு பக்கமும் இழுத்துப் பார்த்தார். ஒரு மூலை தளர்வாக இருந்தது. அதைப் பிரித்து மறுபடியும் கட்டினார்.

அவர் பக்கத்தில் குனிந்தபோது பெட்ரோல் வாடை அடித்தது. இந்த ஊரில் எந்த ஆம்பளைதான் பெட்ரோல் நாறாமல் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உள்ள வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்களேன்," என்றாள். சும்மா, வாய்வார்த்தைக்கு.

"மக காத்துக்கிட்டிருப்பா."

நர்யானா வீட்டுக்குள் போய்க் கையுறையை வெந்நீரில் இரண்டு தடவை அலசினாள்.

மறுநாள் காலை உய்பான் முற்றத்து மூலையிலிருக்கிற டிரான்ஸ்பார்மர் கொட்டகையின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இமையெல்லாம் பனி. மகளுக்குச் சொல்லலாம் என்றால் அடுத்த தெருவில் எந்த வீடு என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேர் அவரைத் தூக்கியபோது மான்தோல் பூட்ஸிலிருந்து வெள்ளை மயிர் கொத்தாக உதிர்ந்தது. கார் போர்வையில் அவர் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. நர்யானாவுக்கு அவிழ்க்க வரவில்லை, கத்தியால் அறுத்தாள். கார் முதல் தடவையிலேயே கிளம்பியது.