கண்ணுக்குக் கீழே

"இது என்ன மூஞ்சியா, காரை பெயர்ந்த சுவரா?"

காலையில் வேலைக்கு வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக இப்படி ஒரு கேள்வி விழுந்தால் யாருக்குத்தான் முகம் சுருங்காது?

கேட்டவர் ஹோட்டல் சூப்பர்வைசர் அம்மாள். மடிப்புக் கலையாத கோட்டு, தொட்டால் சுடும் வாய். இரண்டுக்கும் சேர்த்து ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'இஸ்திரி'.

வாங்கிக் கட்டிக்கொண்டவள், வரவேற்பு மேஜையில் சேர்ந்து ஆறு மாதம் முடியப்போகிற புது ஊழியை. அன்றைக்கு முதலாளி வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம்.

"கருவளையம் தெரியாம இருக்க கன்சீலர் போட்டிருக்கேன் மேடம்."

"போடலை, அப்பியிருக்கே. கண்ணுக்குக் கீழே பாளம் பாளமா வெடிச்சு நிக்குது. எழுந்து வா."

பெட்டியோடு நின்றிருந்த இரண்டு விருந்தினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

வீட்டில் ஒரு வயதுப் பிள்ளைக்குப் பல் முளைக்கிறது. அது தூங்கினால்தானே அம்மா தூங்க? கணவனுக்கோ வெளியூர் வேலை. கண் கருக்காமல் என்ன செய்யும்? இதையெல்லாம் இஸ்திரியிடம் சொல்ல முடியுமா?

கழிவறைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார் இஸ்திரி.

"எல்லாத்தையும் கழுவு."

கழுவினாள்.

"துண்டால தேய்க்காதே, ஒத்தி எடு. ஏ.சி.யில நாள் பூரா உட்கார்ந்து தோல் வறண்டு கிடக்கு. காஞ்ச தரையில சாந்து பூசினா பிடிக்குமா? ஈரம் காயறதுக்குள்ள க்ரீம் போடு."

போட்டாள். இஸ்திரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், மேஜையில ஆள் இல்லை…"

"பெட்டி தூக்கற அண்ணன் பார்த்துப்பார். க்ரீம் உள்ளே இறங்கட்டும். மூணு நிமிஷம்."

மூன்று நிமிஷம் மூன்று யுகமாகப் போயிற்று.

"இப்ப கன்சீலர். ஒரு அரிசி அளவு போதும். புறங்கையில வெச்சு, விரலால கொஞ்சம் சூடு பண்ணு. மோதிர விரல்! மத்ததெல்லாம் முரட்டு விரல். இழுக்காதே, தட்டு. பிள்ளையைத் தட்டித் தூங்க வைப்பியே, அந்த மாதிரி."

அதுதான் தூங்கித் தொலைக்க மாட்டேன் என்கிறதே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"கொஞ்சமாப் போட்டா மறைக்கும், நிறையப் போட்டா காட்டிக் கொடுத்துடும். மேலே பவுடர் கிவுடர் போடாதே. போ."

கண்ணாடியில் நின்றவள் நன்றாகத் தூங்கி எழுந்த யாரோ ஒருத்தி. பூச்சு தோலோடு தோலாக இழைந்திருந்தது. ஆனால் மனசு மட்டும் கொதித்தது.

"ஆறு மாசம் நாய் மாதிரி உழைச்சேன். அந்தம்மா கண்ணுக்கு என் மூஞ்சி மட்டும்தான் தெரியுது, அண்ணே" என்று பெட்டி தூக்குபவரிடம் பொருமினாள். "முதலாளி வரட்டும். வேலை போனாலும் சரி, சொல்லத்தான் போறேன்."

"சொல்லு தங்கச்சி. பூனைக்கு யாராவது மணி கட்டித்தானே ஆகணும்" என்றவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே" என்றார்.

பதினோரு மணிக்கு முதலாளி வந்தார். நேரே மேஜைக்குத்தான் வந்தார்.

"சார், உங்ககிட்ட ஒரு விஷயம்…" என்று எழுந்தாள்.

"நானும் ஒரு விஷயமாத்தான் வந்தேன்." சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பிரித்தார். "போன வாரம் தங்கின ஒருத்தர் எழுதியிருக்கார். 'வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண்ணின் கண்கள் கருத்துக் குழி விழுந்து கிடக்கின்றன. களைத்துப்போய் வருகிற எங்களுக்கு அவரைப் பார்த்தால் இன்னும் களைப்பாகிறது.' எந்தப் பொண்ணுன்னு பேர் போடலை."

அவள் கை தானாகக் கண்ணுக்குக் கீழே போனது.

முதலாளி மூக்குக்கண்ணாடியை இறக்கி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உன்னைத்தான்னு நினைச்சேன். நிரந்தரம் பண்ண வேண்டாம்னு முடிவு பண்ணிட்டே வந்தேன். ஆனா நீ பளிச்சுனுதானே இருக்கே? அப்போ இது யாரு?"

"நான்தான் சார்."

எல்லோரும் திரும்பினார்கள்.

கழிவறைப் பக்கமிருந்து இஸ்திரி வந்துகொண்டிருந்தார். கோட்டு அதே கோட்டுதான். முகம்தான் வேறு. இத்தனை வருஷத்தில் அங்கே ஒருவரும் பார்த்திராத, கழுவித் துடைத்த வெறும் முகம். கண்களுக்குக் கீழே கரியால் இழுத்துவிட்ட மாதிரி இரண்டு அரைவட்டங்கள்.

"போன வாரம் ஆள் குறைச்சல்னு மேஜையில அப்பப்போ நான் உட்கார்ந்தேன். என்னைத்தான் எழுதியிருக்கார்."

முதலாளி தடுமாறிப் போனார். "நீங்களா! அட, உங்களைப் போய்… இருபது வருஷமா ஹோட்டலைத் தூக்கி நிறுத்துறவங்க… கண்ணு கருக்கத்தாம்மா செய்யும். ரெண்டு நாள் லீவு எடுத்து நல்லாத் தூங்குங்க."

கடிதம் கசங்கிக் குப்பைக்கூடைக்குப் போனது. நிரந்தர உத்தரவில் கையெழுத்து விழுந்தது. முதலாளி வாசலைத் தாண்டியதும் அந்தப் பெண் இஸ்திரி பக்கம் திரும்பினாள்.

"கடிதம் வந்தது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, மேடம்?"

"காலையில முதலாளி ஆபீஸ்லேருந்து போன் வந்தது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ அழுவே. அழுதா கன்சீலர் நிக்குமா?"

அவள் கண்ணில் அதற்குள் குளம் கட்டிவிட்டது.

"ஏய்… ஏய்! மேலே பாரு, மேலே பாரு!" பதறினார் இஸ்திரி. "அவர் கார் இன்னும் கிளம்பலைடி!"