போர்டில் இல்லை

"எழுதினேன்னா எங்கே சிஸ்டர்? ஆவியாப் போயிடுச்சா?"

பெரிய டாக்டரின் அறையில் பிசியோதெரபிஸ்ட் கையை நீட்டிக் கேட்டான்.

இடுப்பு ஆபரேஷன் முடிந்த ஏழாம் கட்டில் பெரியவரைக் காலையில் நடக்க வைத்தது அவன்தான். நாலாவது அடியில் தலை சுற்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

முந்தின நாள்தான் பிரஷர் மாத்திரையை மாற்றியிருந்தார்கள். அதிலிருந்தே அவருக்குத் தலைசுற்றல். அது ஹெட் சிஸ்டருக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

வார்டு வாசலில் வெள்ளைப் போர்டு ஒன்று உண்டு. நோயாளியைப் பற்றித் தெரிந்ததை அவரவர் நிறத்தில் எழுதிவிட வேண்டும். டாக்டருக்கு நீலம், நர்ஸுக்குச் சிவப்பு, அவனுக்குப் பச்சை. ஏழாம் கட்டிலுக்கு நேரே சிவப்பில் ஓர் எழுத்துகூட இல்லை.

"நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும் டாக்டர்? இவங்க சொன்னாத்தானே தெரியும்?"

சிஸ்டர் அவன் நீட்டிய கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"காலைல வந்ததுமே எழுதினேன்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"யாராவது அழிச்சிருந்தா விசாரிச்சுடலாம்" என்றார் டாக்டர்.

"வேண்டாம் டாக்டர். அதைத் தோண்ட ஆரம்பிச்சா, எதுக்கு வம்புன்னு நாளைலேருந்து அந்தப் போர்டுப் பக்கமே யாரும் போக மாட்டாங்க. நான் வாய் திறந்தும் சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

ஒரு மாதத்துக்கு அவளுடைய ஹெட் சிஸ்டர் பொறுப்பு போயிற்று.

"நல்லாத்தான் சமாளிக்கிறாங்க" என்று முணுமுணுத்தபடி அவன் வெளியே வந்தான்.

கை கழுவ, கோட்டின் கையை மடித்தபோதுதான் பார்த்தான். கோட்டுத் துணியில், முழங்கைக்குக் கீழே, சிவப்பு மையாக ஓர் இழுவல்.

காலையில் அவசரம். நடைப்பயிற்சி நேரத்தை எழுத இடமில்லை. படித்துக்கூடப் பார்க்காமல் கோட்டுக் கையால் ஒரு தேய் தேய்த்துவிட்டு எழுதியிருந்தான்.

காது மடல் சுட்டது.

டாக்டரின் அறைக்குத் திரும்பிப் போய்ச் சொல்ல நாலே எட்டுதான். கால் நகரவில்லை. கைதான் குழாயைத் திறந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சோப்பைப் போட்டுப் பரபரவென்று தேய்த்தான்.

பின்னாலிருந்து யாரோ நனைந்த பஞ்சு ஒன்றைத் தொட்டியின் விளிம்பில் வைத்தார்கள். நிமிர்ந்தான். சிஸ்டர்.

"சோப்புக்கெல்லாம் போகாது சார், ஸ்பிரிட்ல துடைங்க. உள்ளேயே பார்த்துட்டேன்."