மைக் வைத்த முகாம்

"பேர் என்னய்யா?"

"தருமன்ங்க."

"ஊரு?"

"தேவிகாபுரம்ங்க."

"என்ன வேலை?"

"ஆரணியில விசைத்தறி கொட்டாயிலங்க. இப்ப நிறுத்திட்டாங்க."

பரசுராமன் பேனாவைக் கீழே வைத்தார். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"எல்லாரும் பாத்துக்குங்க! மூணு கேள்வி கேட்டேன். மூணுக்கும் டக்கு டக்குனு பதில் சொல்றாரு. இவருக்குக் காது கேக்காதாம்!"

கல்யாண மண்டபத்தில் துணைக்கு வந்திருந்தவர்கள் மட்டும் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு அவர் பேசியது கேட்கவில்லை. அது காது கேளாதவர்களுக்கான உதவி முகாம்.

காதைச் சோதிக்கும் மிஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது. அதனால் முகாம் பொறுப்பாளர் பரசுராமனே கேள்வி கேட்பார். பதில் வந்தால் காது கேட்கிறது. வராவிட்டால் கேட்கவில்லை. அவர் எழுதும் குறிப்பைப் பார்த்து, மேடை ஓரத்தில் இருக்கும் டாக்டர் அகல்யா கையெழுத்துப் போடுவார்.

தருமனின் மனைவி பாஞ்சாலை ஓடி வந்தாள்.

"சார், அவரு வாயைப் பாத்துப் பேசறாரு சார்! இருபத்தெட்டு வருசம் தறி கொட்டாயில இருந்தவரு. அந்தச் சத்தத்துல யார் பேசினாலும் கேக்காது. அங்க எல்லாருமே வாயைப் பாத்துதான் பேசிக்குவாங்க. அப்படியே காதும் போயிடுச்சி."

"வாயைப் பாத்தா பேச்சு தெரியுமா? நல்லா விடறம்மா கதை."

"இது மூணாவது கேம்ப் சார். மொத கேம்ப்ல நீங்க மைக்குல பேரைக் கூப்பிட்டீங்க. நான் தண்ணி பிடிக்கப் போயிருந்தேன். இவருக்குக் கேக்கல. 'ஆள் வரவில்லை'ன்னு எழுதிட்டீங்க."

"வராதவனை வரலன்னுதான எழுத முடியும்?"

"ரெண்டாவது கேம்ப்ல நான் பக்கத்துலயே உக்காந்து இடுப்புல இடிச்சேன். எழுந்து நின்னாரு. 'கூப்பிட்டதும் எழுந்தான், காது கேட்கிறது'ன்னு எழுதிட்டீங்க."

"எழுந்தாரா இல்லையா?"

பாஞ்சாலை புருசன் பக்கம் திரும்பினாள்.

"வீட்லயே படிச்சுப் படிச்சுச் சொன்னேன் இல்ல? யார் எது கேட்டாலும் பேசாம நில்லுன்னு!"

தருமன் அவள் வாயையே பார்த்துவிட்டு, பாவமாகச் சொன்னார்.

"ஆபீசர் கேக்கறாரு. பதில் சொல்லாம நின்னா மரியாதையா இருக்குமா?"

"பாத்தியா, சொல்லிக் குடுத்துக் கூட்டிகினு வந்திருக்க!" பரசுராமன் மறுபடி மைக்கைப் பிடித்தார். "இந்த மாதிரி போலிங்களாலதான் உண்மையான ஆளுங்களுக்கு எதுவும் போய்ச் சேர மாட்டேங்குது. நான் இருக்கற வரைக்கும் ஒரு போலி உள்ள நுழைய முடியாது!"

துணைக்கு வந்தவர்கள் கை தட்டினார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். தருமனும் தட்டினார்.

"சார், போன மாசம் கண்ணமங்கலம் ரோட்ல லாரிக்காரன் ஆரன் அடிச்சது கேக்காம சைக்கிளோட விழுந்து கையை ஒடச்சிகினாரு சார். காதுக்கு ஒரு மிஷின் குடுத்தா போதும். ஆள் உயிரோட இருப்பாரு."

"அடுத்தது!" என்றார் பரசுராமன். விண்ணப்பத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை விழுந்தது.

பாஞ்சாலை அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தாள். "வா, போலாம்."

வாசலில் செருப்பை மாட்டும்போது தருமன் ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்தார். பரசுராமன் மைக்கை அணைத்துவிட்டு, டாக்டர் மேஜைப் பக்கம் போய்க் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் முகம் சுருங்கியது.

தருமன் செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். பாஞ்சாலை கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை.

"சார்! உங்களுக்கும் காது கேக்காதா? சொல்லவே இல்லியே சார்!"

தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். மண்டபமே திரும்பியது.

"யோவ், என்னய்யா உளர்ற?"

"இப்பதான சார் டாக்டரம்மாகிட்ட சொன்னீங்க? 'தேசூருக்கு ட்ரான்ஸ்பர் போட்டுட்டாங்க. காது கேக்கலன்னு ஒரு சர்ட்டிபிகேட் குடுத்தீங்கன்னா அதைக் காட்டி ட்ரான்ஸ்பரை நிறுத்திடுவேன்'னு சொன்னீங்களே!"

முன்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "என்னவாம்?" என்று கேட்டார். பக்கத்து ஆள் அவர் காதில் கத்திச் சொன்னார். அவர் பின்னால் இருந்தவரிடம் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். இப்படியே 'தேசூர்', 'ட்ரான்ஸ்பர்', 'சர்ட்டிபிகேட்' என்று வரிசை வரிசையாகக் கத்திக்கொண்டு, செய்தி கடைசி நாற்காலி வரைக்கும் போனது. மைக்குக்கு வேலையே இல்லை.

பரசுராமன் கைக்குட்டையைத் தேடினார்.

டாக்டர் அகல்யா ஒரு பைலை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டார்.

"உங்க பேர் என்னங்க?"

தருமன் சும்மா சிரித்தபடி நின்றார்.

"உங்க பேர் என்ன?" டாக்டர் இன்னும் சத்தமாகக் கேட்டார்.

தருமன் திரும்பிப் பாஞ்சாலையைப் பார்த்தார்.

டாக்டர் பைலை இறக்கி வைத்தார். புதிதாக ஒரு படிவத்தை எடுத்து, மேலே 'தருமன், தேவிகாபுரம்' என்று எழுத ஆரம்பித்தார்.

தருமன் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார்.

"எனக்கு அப்புறம் எழுதலாம்மா. மொதல்ல சாருக்குப் போட்டுக் குடுங்க. பாவம், காலையிலேர்ந்து அந்தக் கத்து கத்திகினு இருக்கறாரு. அவரு பேசறது அவருக்கே கேக்கல போல!"