பத்து கிலோமீட்டருக்கு ஒரு குடுவைப் பால்

"எனக்கு ஓட்டமும் தெரியாது, கீட்டமும் தெரியாது. பந்தயத்தை முடிச்சுட்டு நேரா வந்து, ஊரு பாக்க என் கையால பாலை வாங்கிக் குடி. அன்னிக்கே கல்யாணத்துக்குச் சரி" என்றாள் ஜெலகாத், தன் தேநீர்க்கடை அடுப்பில் தேநீரைக் கிளறிக்கொண்டே.

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சத்தியம். சந்தேகம் இருந்தால் மலைமேல் இருக்கும் ஓட்டக்காரர் ஊரான ஈட்டெனுக்குப் போய் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்; ஆடுகள்கூடச் சொல்லும்.

கிமாயோ பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். எப்போதும் ஓரந்தான். "பெர்லினுக்கு வந்து நில்லேன், அடுத்த மாசம்..."

"நான் பெர்லின் வந்தா இங்க சப்பாத்தியை யாரு திருப்புவா? அதுவும் மாரத்தானாம்! நீ வந்து சேர்றதுக்குள்ள பால் மட்டுமில்ல, நானே புளிச்சுப் போயிருவேன். சின்னதா ஒண்ணு ஓடு."

கடையே சிரித்தது. கிமாயோவின் நண்பன் பிவோட் மட்டும் வாயில் இருந்த தேநீரை விழுங்கிவிட்டுச் சிரித்தான். "ஏய், எங்க கிமாயோவைச் சும்மா நினைக்காதே. எந்த ஊருப் பந்தயமானாலும் டிவியில முதல்ல தெரியறது இவன் மூஞ்சிதான்!"

"அப்படியா? வெளிநாட்டுல ஓடிட்டுத் திரும்பி வர்றவங்களுக்கெல்லாம் வீட்டு ஆளுங்க விமான நிலையத்துலயே புளிச்ச பால் குடுவையைத் தூக்கிட்டு ஓடுறாங்க. இவருக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் ஒரு வாய் பால் குடுக்கலே?"

கிமாயோ கோப்பைக்குள் பார்த்தான். "எனக்கு யாரு இருக்கா?"

அது நிஜம். அவன் வீட்டில் சத்தம் போடுகிறவை இரண்டே இரண்டு: கெட்டிலும் தகரக் கூரையும். இரண்டுக்கும் அவன் பதில் சொல்லுவான். கூரைதான் கொஞ்சம் பேச்சுக்காரி. மழைக்காலத்தில் அவனைத் தூங்கவே விடாது. கோடையில் அதுவும் பேசாமல் இருந்துவிடும்போது, விளக்கை அணைக்காமல் படுத்துக்கொள்வான்.

தேவாலயத்துக்குக் கூரை போட நிதி திரட்ட ஒரு பத்து கிலோமீட்டர் பந்தயம் வந்தது. கிமாயோ பெயர் கொடுத்தான். அவ்வளவு சின்னப் பந்தயம் அவன் ஓடியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. முன்னால் வழிகாட்டிப் போக பிவோட்டின் பிக்கப் வண்டி. பின்னால் முட்டைக்கோஸ் மூட்டை. "எல்லைக்கோடு வரைக்கும் வர்றேன். அப்புறம் நிக்க மாட்டேன், பள்ளத்தாக்குச் சந்தைக்குப் போகணும்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தான்.

விசில் ஒலித்தது. கிமாயோ கிளம்பினான்.

அவன் ஓடின வேகத்தில் செம்மண் புழுதி எழும்பவே நேரமில்லை. அவன் போன பிறகு நினைவு வந்து எழும்பியது. மற்றவர்கள் அதற்குள் மூழ்கி இருமிக்கொண்டே வந்தார்கள். ஓடும்போது முன்னால் போகிற வண்டியின் முதுகிலிருந்து கண்ணை எடுக்க மாட்டான் கிமாயோ. வருஷக்கணக்கான பழக்கம். பக்கத்தில் யானை நடந்து வந்தாலும் தெரியாது. சீராக மூச்சு, சீராக அடி, முட்டைக்கோஸ் மூட்டை. காலையில் சவரம் செய்து, சட்டையை இரண்டு முறை துவைத்துப் போட்டிருந்தான். பால் குடிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவளுக்கு நாறக் கூடாதல்லவா?

நெஞ்சில் என்னமோ நூல் மாதிரி உரசியது. பெரிய கூச்சல் கேட்டது. கரி தடவின பால் குடுவையின் புகைவாசனை ஒரு நொடி மூக்கில் ஏறி இறங்கியது. கிமாயோவுக்கு அது நன்றாக இருந்தது. தொடர்ந்து ஓடினான்.

வண்டி மலைச்சரிவில் இறங்கியது. அவனும் இறங்கினான். வளைவுக்கு மேல் வளைவு. கூச்சல் தேய்ந்து, ஆட்கள் தேய்ந்து, பறவைகளும் நின்றுபோயின. குளிர் போய் வெயில் அடித்தது.

பள்ளத்தாக்கின் அடியில், மரம் மட்டையில்லாத ஓர் இடத்தில் கிமாயோ தானாக வேகம் குறைந்து சாலையோரம் ஒதுங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வண்டியை நிறுத்தி இறங்கி ஓடி வந்தான் பிவோட். "டேய்! கண்ணாடியில பாத்துக்கிட்டே வர்றேன், என்னமோ உடம்பை ஆத்திக்க ஓடுறான்னு நினைச்சேன். முட்டைக்கோஸ் விக்கவாடா இவ்வளவு தூரம் வந்தே?"

"முப்பது கிலோமீட்டர் ஆயிருச்சு, அதான் நின்னுட்டேன்."

"பந்தயமே பத்துதானேடா பாவி!"

கிமாயோ குனிந்து பார்த்தான். நெஞ்சில் சிவப்பு நாடா ஒட்டிக்கொண்டிருந்தது. "எல்லைக்கோடு வந்துச்சா?"

"வந்துச்சாவா? கிழிச்சுக்கிட்டுப் போனியே!"

"எப்படி இருந்துச்சு?"

பிவோட்டின் செல்போன் அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம் மெதுவாக அதைப் பைக்குள் போட்டான்.

"ஜெலகாத்தா?"

"ம். குடுவையை நீட்டினாளாம். நீ திரும்பிக்கூடப் பாக்கலியாம். ஊரே சிரிச்சுதாம்." பிவோட் தொண்டையைச் செருமினான். "அவமானம் தாங்காம, ரெண்டாவதா வந்தவன் கையில குடுத்துட்டாளாம்."

கிமாயோ தலையாட்டினான். அவனுக்கு அது பழகின விஷயந்தான்; ஜெயிக்கப் போகிறவர்களுக்கு முன்னால் வேகம் பிடித்து ஓடிக் காட்டிவிட்டு, முப்பதாவது கிலோமீட்டரில் ஒதுங்கிக்கொள்வதற்குத்தான் இத்தனை வருஷமும் அவனுக்குச் சம்பளம். மாரத்தான் கிமாயோ இன்றுவரை ஒரு மாரத்தான்கூட ஓடி முடித்ததில்லை.