சிஞ்ஞோரின் தொழில் சாமான்

“துவக்குச் செய்து வித்த மனிசனை ஆரும் சரஸ்வதி பூசைக்குக் கூப்பிடுவினமோ?”

தான் வேலைக்குக் கொண்டுபோகிற மொப்புத் தடிக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே பேரின்பநாயகம் கேட்டார்.

அவர் பெண்சாதி குகனேஸ்வரிக்குச் சுருக்கென்றது. கூப்பிட்டதோடு விட்டாளா? “உங்கடை தொழில் சாமானையும் கொண்டு வாங்கோ, சாமிக்கு முன்னாலை வைப்பம்” என்று உபசாரம் வேறு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

லிபெர்த்தாத் தெருவில் சிஞ்ஞோர் லிப்பாரி என்ற இத்தாலியர் வீட்டில் அவளுக்கு வேலை. சமைக்கிறது, கூட்டித் துடைக்கிறது, மனிசனுக்கு நேரத்துக்கு மருந்து கொடுக்கிறது. தொண்ணூற்றிரண்டில் தொடங்கி இப்போது மூன்று வருடமாகிறது.

சிஞ்ஞோர் லேசுப்பட்ட ஆளில்லை. உலகப் போரில் கைதியாகத் தென்னாபிரிக்காவுக்குப் போனவர், விடுதலையான பிறகும் அங்கேயே நின்று வேட்டைத் துவக்குத் தொழிற்சாலை போட்டார். மான் வேட்டைக்காரர் அவர் பெயர் வெட்டின துவக்கைத்தான் தேடித் தேடி வாங்குவார்களாம். முப்பது வருடம் ஓகோ என்று ஓடியது. பிறகு பூட்டிவிட்டு, வெறுங்கையோடு இத்தாலியில் தன் ஊரான பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தார்.

ஏன் பூட்டினீங்கள் என்று அவள் ஒருதரம் கேட்டாள். “எனக்கு வியாபாரம் தெரியாது” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

“நான் என்னத்தைக் கண்டன்?” என்றாள் குகனேஸ்வரி. “பேனையோ கண்ணாடியோ கொண்டு வருவாரெண்டு நினைச்சன்.”

“துவக்குக்காரன் வேறை என்னத்தைக் கொண்டு வருவான்? அகப்பையையோ?”

“துவக்கெண்டால் வாசலோடை திருப்பி அனுப்பிப் போடுவன்.”

“திங்கக்கிழமை உம்மடை பெர்மெசோ புதுப்பிக்க அந்த மனிசன்தான் கடிதம் தரவேணும். அது இல்லாட்டி இந்த நாட்டிலை நீர் இருக்க ஏலாது. கொஞ்சம் யோசியும்.”

“யோசிக்க ஒண்டுமில்லையப்பா. என்ரை தம்பியைக் கொண்டு போனதும் ஒரு துவக்குத்தான். அதுக்குப் பொட்டு வைச்சுப்போட்டு, நான் எந்த முகத்தோடை அவன்ரை படத்தைப் பாக்கிறது?”

பேரின்பநாயகம் மொப்புத் தடியைக் கொண்டுபோய்ச் சாமிப் படத்தடியில் சாத்தினார்.

ஆறு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. சீசா என்கிற பகுதியில் அவர்கள் இருப்பது நாலாம் மாடி, லிப்ட் கிடையாது. எண்பதை நெருங்கிய மனிசர் மூச்சு வாங்க நின்றார். கல்யாண வீட்டுக்கு வந்ததுபோலக் கோட்டும் கழுத்துப்பட்டியும். கக்கத்தில், பழைய கம்பளியால் சுற்றின நீட்டுச் சாமான்.

குகனேஸ்வரி வாசலை மறித்து நின்றாள்.

“நீங்கள் உள்ளை வாங்கோ சிஞ்ஞோர். அது வரக்கூடாது.”

“ஏன்? நீர்தானே கொண்டு வரச் சொன்னீர்?”

“சொன்னது என்ரை பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆளைக் கொல்லுற சாமான் என்ரை சாமிக்கு முன்னாலை இருக்க ஏலாது. இதுக்காக வேலையாலை நிப்பாட்டிறதெண்டால் நிப்பாட்டுங்கோ. கடிதம் தராட்டிலும் பரவாயில்லை.”

இத்தாலியனில் இவ்வளவு நீளத்துக்கு அவள் ஒருநாளும் கதைத்ததில்லை. ஒரு சொல்லும் தடக்கவில்லை என்பதில் அவளுக்கே பெருமை. பின்னால் நின்ற பேரின்பநாயகம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சிஞ்ஞோர் கோபிக்கவில்லை. படியிலேயே மெல்ல இருந்து, சாமானை மடியில் வைத்துக் கம்பளியை விரித்தார்.

துவக்கில்லை. இரும்பு அரிகிற ஈர்வாள். பல்லெல்லாம் மழுங்கிக் கிடந்தது.

குகனேஸ்வரி விளங்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“தொழிற்சாலையை வாங்க ஒருத்தன் வந்தான். நல்ல விலைதான் சொன்னான்” என்றார் சிஞ்ஞோர். “இனி மானுக்கு வேண்டாம், ஊர்வலம் போற சனத்தைச் சுடத் துவக்குச் செய்து தா எண்டான். நான் விக்கயில்லை. விட்டுட்டுப் போனால் ஆரும் எடுத்துச் செய்வாங்கள் எண்டு, கிடந்த நானூறு துவக்குக் குழலையும் என்ரை கையாலையே ரெண்டு ரெண்டாய் அரிஞ்சு போட்டன். பதினொரு நாள் எடுத்தது. நான் கடைசியாய்ச் செய்த தொழில் அதுதான், குகனா. இதை வைக்கலாமோ?”